எல்.இ.டி. வெளிச்சத்தை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

எலக்ட்ரிக்கல் கடையில் “9 வாட் பல்பு குடுங்க” என்று கேட்பது இன்னும் மாறவில்லை. வாட் என்பது பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற கணக்கு மட்டும்தான். குண்டு பல்பு காலத்தில் 60 வாட் என்றால் எந்த கம்பெனி பல்பும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் தந்தது, அதனால் அந்தக் கணக்கு செல்லுபடியானது. எல்.இ.டி.யில் அப்படி இல்லை. ஒரே 9 வாட்டில் ஒன்று 720 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தரும், இன்னொன்று 900-ஐத் தாண்டும். பெட்டியில் லூமென் எண்ணைத் தேடுங்கள். அது போடாத பல்பை நான் வாங்குவதில்லை.

அடுத்த குழப்பம் வெளிச்சத்தை அளக்கும் மொபைல் செயலியில் வருகிறது. லூமென் என்பது பல்பிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவரும் மொத்த ஒளி. செயலி காட்டும் லக்ஸ், ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்பது. 800 லூமென் பல்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பினால், 1 மீட்டர் தள்ளி நேரடியாக விழுவது சுமார் 64 லக்ஸ்தான். 2 மீட்டரில் வெறும் 16. இதைப் பார்த்துவிட்டு “ஏமாத்திட்டான்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

போனின் சென்சார் துல்லியமான கருவியும் அல்ல. இரண்டு போன்கள் ஒரே இடத்தில் வேறு வேறு எண் காட்டும். ஆனால் ஒரே போனை வைத்து இரண்டு பல்புகளை ஒப்பிட அது போதும். இரவில், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஹோல்டரில் மாற்றி மாற்றிப் போட்டு, போனை ஒரே இடத்தில் அசையாமல் வையுங்கள். 1 மீட்டரில் 5 செ.மீ. நகர்ந்தாலே அளவு 10 சதவீதம் மாறிவிடும். போட்டவுடன் அளக்கவும் கூடாது, எல்.இ.டி. சூடேறச் சூடேற வெளிச்சம் கொஞ்சம் குறையும். அரை மணி நேரம் எரியவிட்டு அளந்தால் சரி. இதுவும் ஒரே வடிவப் பல்புகளுக்குத்தான். ஸ்பாட் லைட்டையும் சாதா பல்பையும் இப்படி ஒப்பிட்டால், ஒளியைக் குவிக்கிற ஸ்பாட் லைட்தான் ஜெயிக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்காளர்கள் ஏமாறுவதும் இந்தக் கோணத்தில்தான். சின்ன 5 மி.மீ. எல்.இ.டி.க்கு மில்லிகேண்டெலாவில் எண் போடுவார்கள். அது ஒரு திசையில் எவ்வளவு செறிவாக ஒளி போகிறது என்பதைச் சொல்லும், மொத்தத்தை அல்ல. 15 டிகிரி கோணத்தில் 20,000 மில்லிகேண்டெலா என்றால் மொத்தம் 1 லூமென் அளவுதான். 60 டிகிரியில் 5,000 போட்டிருப்பது 4 லூமெனைத் தாண்டும். எண்ணைப் பார்த்து முதலாவதை வாங்கினால், வெளிச்சம் பரவாமல் ஒரே புள்ளியில் அடிக்கும்.

அப்புறம் நிறம். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளை, 2700 மஞ்சளைவிடப் பிரகாசம் என்று பலருக்குத் தோன்றும், லூமென் சமமாகவே இருந்தாலும். கண்ணை நம்பி ஒப்பிடுவதென்றால் ஒரே நிறத்தில் ஒப்பிடுங்கள்.

போட்டோ எடுத்து ஒப்பிடுகிறவர்களுக்கு: ஆட்டோ மோடில் கேமரா இருட்டை ஏற்றியும் வெளிச்சத்தை இறக்கியும் இரண்டையும் சமமாக்கிவிடும். ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கான உணர்திறன்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் ஒரே அளவில் பூட்டிவிட்டு எடுங்கள்.