மாதச் சந்தா கட்டாமல் டிவி: டிடி ஃப்ரீ டிஷ்ஷை நீங்களே மாட்டுவது எப்படி?

மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி நிற்கும் அலுமினிய ஆன்டெனாவைச் சில வீடுகளில் இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். இப்போது அது காக்கை உட்காரத்தான் உதவும். தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பைப் பெரும்பாலான ஊர்களில் நிறுத்திவிட்டது. இன்றைக்கு நம் பக்கத்தில் சந்தா இல்லாமல் டிவி பார்க்கச் சுலபமான வழி, மாடியில் ஒரு சின்ன டிஷ் வைத்து டிடி ஃப்ரீ டிஷ் எடுப்பதுதான். 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் வந்த அதே சேவை. டிஷ், பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய். அதோடு செலவு முடிந்தது.

பழகிய ஆளுக்கு இது அரை மணி நேர வேலை. முதல் தடவை நாமே செய்தால் அரை நாள் ஆகும். எனக்கு ஒரு முழு நாள் ஆனது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும் முன்

சன், விஜய் மாதிரி பெரிய தமிழ்ச் சேனல்கள் இதில் வராது. அம்மாவின் சீரியலுக்காக என்றால் கேபிளே இருக்கட்டும். டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை), டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், வானொலி நிலையங்கள், நிறைய இந்திச் சேனல்கள் வரும். முக்கியமான கிரிக்கெட் போட்டிகளைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் டிஷ் ஏறியதற்கு அதுதான் காரணம்.

என்னென்ன வேண்டும்

60 சென்டிமீட்டர் டிஷ், ஒரு எல்.என்.பி (டிஷ்ஷுக்கு முன்னால் கை நீட்டிப் பிடித்திருக்குமே, அந்த மூக்கு), ஆர்.ஜி-6 ஒயர், இரண்டு எஃப் கனெக்டர் (ஒயரின் இரண்டு முனையிலும் திருகி ஏற்றுவது), செட்டாப் பாக்ஸ். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய எம்பெக்-2 பெட்டியில் சேனல்கள் குறைவாகத்தான் வரும். சில புது டிவிகளில் சேட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும், பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் உங்களுடைய பழைய சன் டைரக்ட் டிஷ் துருப்பிடிக்காமல் கிடந்தால், புது டிஷ் வாங்க வேண்டாம். பெரும்பாலும் அதுவே போதும்.

கருவி: இரண்டு மூன்று ஸ்பேனர், ட்ரில்லிங் மெஷின், ஆங்கர் போல்ட், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். திசை பார்க்கப் போனில் உள்ள காம்பஸ் போதும். ஆனால் அதை இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

படி 1: இடம்

சேட்டிலைட்டின் பெயர் ஜிசாட்-15. நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. நமக்கு அது தென்கிழக்குப் பக்கம், வாஸ்து பார்ப்பவர்கள் பாஷையில் அக்னி மூலை. நல்ல செய்தி என்னவென்றால், தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது வானத்தில் மிக உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்கில் டிஷ்ஷை விடப் பத்தடி உயரமான சுவர் இருந்தாலும், நாலைந்து அடி தள்ளி வைத்தால் போதும், மறைக்காது. தென்னை மரம் மட்டும் கவனம். இன்றைக்கு ஒதுங்கி நிற்கும் மட்டை, அடுத்த வருஷம் நேராக டிஷ்ஷுக்கு மேலே வந்து நிற்கும்.

தட்டு ஓடு பதித்த தளத்தில் துளை போடவே போடாதீர்கள். ஐப்பசி மழையில் கீழே ஒழுகும். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டுவதுதான் நல்லது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தகர டிஷ் எம்மாத்திரம்? அதனால் செங்கல்லை அடுக்கி மேலே வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம். மாடிக்கு அருகே கரண்ட் கம்பி போனால், அந்தப் பக்கத்தையே விட்டுவிடுங்கள்.

படி 2: கம்பம் செங்குத்தாக

டிஷ் உட்காரும் கம்பத்தை ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கம்பம் சாய்ந்திருந்தால், டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பத் திருப்ப உயரமும் சேர்ந்து மாறும். அப்புறம் எது சரி, எது தப்பு என்றே தெரியாது.

படி 3: ஒயர் முனை

சிக்னல் இல்லை என்று வரும் புகார்களில் பாதி, இந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கும். மேல் ரப்பரை ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி எடுங்கள். உள்ளே வெள்ளிப் பின்னல் இருக்கும். அதை மயிரிழை விடாமல் பின்னுக்கு மடித்துவிடுங்கள். நடுவில் உள்ள வெள்ளை நுரையைப் பாதி நீளத்துக்குச் சீவினால் செம்புக் கம்பி தெரியும். இப்போது கனெக்டரைத் திருகி ஏற்றுங்கள். செம்புக் கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். இந்த ஒயர் வழியாகத்தான் பெட்டி எல்.என்.பி-க்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அதனால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.

எல்.என்.பி-க்குக் கீழே ஒயரை ஒரு சுற்று தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், கனெக்டருக்குள் இறங்காது.

படி 4: திசையும் கோணமும்

நான் ஒரு நாளை வீணாக்கியது இங்கேதான். இந்தியில் ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் அவர் டிஷ்ஷை எவ்வளவு நிமிர்த்தி வைத்தாரோ அதே மாதிரி வைத்தேன். காலையிலிருந்து மூன்று மணி வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெல்லியிலிருந்து பார்த்தால் இந்தச் சேட்டிலைட் 52 டிகிரி உயரத்தில் இருக்கிறது (தொடுவானம் 0, தலைக்கு நேர் மேலே 90). மதுரையிலிருந்து 68 டிகிரிக்கும் மேலே! அவர் ஊர் வானம் வேறு, நம் ஊர் வானம் வேறு.

காம்பஸில் வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180. அந்தக் கணக்கில் நம் ஊர்களுக்கு:

சென்னை: திசை 134, உயரம் 68
திருச்சி: திசை 125, உயரம் 69
கோவை: திசை 123, உயரம் 67
மதுரை: திசை 122, உயரம் 69
திருநெல்வேலி: திசை 118, உயரம் 69

டிஷ்ஷின் பின்பக்கக் கிளாம்பில் கோணம் குறித்த அளவுகோல் இருக்கும். உயரத்தை அதில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துவிட்டுப் பார்த்தால் டிஷ் 68 டிகிரிக்கு நிமிர்ந்த மாதிரியே இருக்காது, குழம்ப வேண்டாம். இந்த வகை டிஷ், தன் முகம் பார்க்கும் இடத்துக்கு இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே இருந்துதான் சிக்னலை வாங்கும். சாய்வு நாற்காலியில் தாத்தா வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருப்பாரே, அந்தச் சாய்வு இருந்தால் சரி.

காம்பஸில் நம்பிக்கை இல்லையா? பக்கத்து மாடியில் சன் டைரக்ட் டிஷ் இருந்தால் எட்டிப் பாருங்கள். அதுவும் ஜிசாட்-15 பக்கம்தான் பார்க்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, ஆனால் வருஷத்தில் இரண்டு வாய்ப்புதான். மார்ச் 15 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும் காலை 11 மணியையொட்டிச் சூரியன் ஏறக்குறைய இந்தச் சேட்டிலைட்டுக்குப் பின்னால் வந்துவிடும். ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலைப் பாருங்கள். நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசைதான் உங்கள் குறி. மற்ற மாதங்களில் இது உதவாது. அந்த மார்ச், செப்டம்பர் நாட்களில் ஏற்கெனவே மாட்டியவர்கள் வீட்டில் படம் சில நிமிஷம் உடையும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

படி 5: சிக்னல் பிடிப்பது

பெட்டியின் மெனுவில் இன்ஸ்டலேஷன் பக்கத்துக்குப் போங்கள். சேட்டிலைட் 93.5 கிழக்கு (சில பெட்டிகளில் ஜிசாட்-15, சிலவற்றில் இதே இடத்தில் முன்பு இருந்த இன்சாட்-4பி-யின் பெயர்), எல்.என்.பி 9750/10600, அலைவரிசை 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500.

திரையில் இரண்டு கோடு தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தை மறந்துவிடுங்கள். எல்.என்.பி-யை மாட்டினாலே அது ஏறிவிடும், டிஷ் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. குவாலிட்டி சுழியத்திலிருந்து நகர்ந்தால்தான் சேட்டிலைட் கிடைத்தது என்று அர்த்தம்.

கீழே டிவி முன்னால் ஒரு ஆள், மேலே நீங்கள், நடுவில் போன். நட்டுகளை டிஷ் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். டிஷ்ஷின் விளிம்பு வெறும் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் கோணம் 1 டிகிரி மாறிவிடும். வானத்தில் அது 600 கிலோமீட்டருக்கு மேல்! அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தி, மூன்று எண்ணும் வரை நிறுத்துங்கள். பெட்டி சிக்னலைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

எனக்குக் கீழே இருந்தவன் அக்கா மகன்.

“மாமா, ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல... மாமா, வந்துச்சு! முப்பத்தெட்டு! ஐயோ, போச்சு.”

“கத்தாதடா, நம்பரை மட்டும் சொல்லு.”

பக்கவாட்டில் ஒரு சுற்று தேடியும் கிடைக்கவில்லை என்றால், உயரத்தை 2 டிகிரி கூட்டி மறுபடி தேடுங்கள். பிறகு குறைத்துத் தேடுங்கள். ஏதாவது ஒரு எண் வந்ததும், பக்கவாட்டில் கொஞ்சம், மேல் கீழாகக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி உச்சத்துக்குக் கொண்டு போங்கள். கடைசியாக எல்.என்.பி-யை அதன் பிடியிலேயே மெதுவாக இரண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்கள். நாற்பதுகளில் தேங்கி நின்ற எனக்கு இந்த முறுக்கலில்தான் அறுபதைத் தாண்டியது.

படி 6: இறுக்குவதும் தேடுவதும்

நட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். இறுக்கும்போதும் கீழே இருப்பவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் மெனுவில் ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் சேனல்கள் வரிசையாக ஏறும். புதுச் சேனல்கள் சேர்வதும் போவதும் உண்டு, மாதம் ஒரு முறை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

பெருமழையில் படம் நின்றால் காத்திருங்கள், மழை விட்டதும் தானே வந்துவிடும். இடி இடித்தால் பெட்டியின் பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

மாடியை விட்டு இறங்கும் முன் இன்னொரு வேலை. கம்பமும் கிளாம்பும் சேரும் இடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். உயர அளவுகோலிலும் அப்படியே ஒன்று. அந்த ஆடியில் காற்று என் டிஷ்ஷைத் திருப்பிவிட்டது. கோட்டைக் கோட்டோடு சேர்த்து இறுக்கிவிட்டு, இரண்டே நிமிஷத்தில் கீழே இறங்கி வந்தேன்.