பிளெனிம் அரண்மனைக்கும் பிளேடன் தேவாலயத்துக்கும் கூட்டமாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

லண்டனிலிருந்து கோச் பிடித்துப் போய், ஒரே நாளில் பார்த்துத் திரும்ப ஆக்ஸ்போர்டுக்கு அருகே உள்ள பிளெனிம் அரண்மனை தோதான இடம். கூடவே சர்ச்சிலின் கல்லறை உள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

அந்தத் தேவாலயம் அரண்மனை வளாகத்துக்குள் இல்லை. பூங்காவுக்குத் தெற்கே, பிளேடன் என்ற தனிக் கிராமத்தில் இருக்கிறது. அரண்மனைக்குள் இருப்பது வேறு, அதன் உரிமையாளர்களான மார்ல்பரோ டியூக் குடும்பத்தின் சிற்றாலயம். அங்கே நின்று சர்ச்சிலைத் தேடிப் பயனில்லை. பிளேடனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். காலையிலேயே முடித்துவிடுங்கள். ஞாயிறு மட்டும் கவனம், அது இன்றும் வழிபாடு நடக்கும் ஊர்க் கோயில். கோச்சைப் பெரிய சாலையில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

கல்லறை எளிமையானது. 1965 ஜனவரியில் புனித பால் பேராலயத்தில் அரசு மரியாதை, பிறகு ரயிலில் பக்கத்து ஹான்பரோ நிலையம் வரை பயணம், கடைசியில் பெற்றோருக்கு அருகே இந்தச் சிறு இடம். பிரம்மாண்ட நினைவிடத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இருபது பேர் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்று பக்கத்துக் கல்லறைகள்மேல் ஏறி நிற்காதீர்கள். சர்ச்சில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது நேர்ந்த 1943 வங்கப் பஞ்சத்தை நினைத்து அவர்மேல் கோபம் உள்ளவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். நியாயமான பேச்சுதான், கோச்சில் பேசிக்கொள்ளலாமே.

அடுத்தது, பிளெனிம் சர்ச்சிலின் சொந்த வீடு என்ற நினைப்பு. 1874இல் அவர் அங்கே பிறந்தார், அவ்வளவுதான். அவர் வாங்கி வாழ்ந்த வீடு கென்ட்டில் உள்ள சார்ட்வெல். அது பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம், பிளெனிம் அப்படியில்லை. ஆகவே நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டையை நீட்டி வாசலில் சங்கடப்பட வேண்டாம். குழுக் கட்டணத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பூங்கா திறந்ததுமே மாளிகை அறைகளும் திறந்துவிடும் என்று நம்பாமல், இரண்டின் நேரத்தையும் தனித்தனியே பாருங்கள்.

அவர் பிறந்த அறையில் படம் எடுத்துவிட்டு நேரே தேநீர்க் கடைக்குப் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1704இல் பிளெனிம் போரில் வென்ற முதல் மார்ல்பரோ டியூக்குக்கு ராணி ஆன் தந்த பரிசு இந்த இடம். அப்புறம் ராணிக்கும் டியூக்கின் மனைவி சேராவுக்கும் மனக்கசப்பு, 1712இல் அரசுப் பணம் நின்றுபோனது. அரண்மனையை வடிவமைத்த கட்டடக் கலைஞர் வான்பரோவும் சேராவோடு சண்டை போட்டு 1716இல் விலகினார். 1725இல் பார்க்க வந்த வான்பரோவைப் பூங்காவுக்குள்கூட சேரா விடவில்லை! இதை வண்டியிலேயே சொல்லிவிட்டால் உள்ளே போனதும் எல்லோரும் ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

வான்பரோவின் பெரிய பாலத்தையும் தவறவிடாதீர்கள். அதற்குள் அறைகள் உண்டு. 1760களில் தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் கிளைம் ஆற்றை மறித்து ஏரி அமைத்தபோது, கீழ்ப்பகுதி தண்ணீரில் மூழ்கியது. அதைத் தாண்டி 41 மீட்டர் உயர வெற்றித் தூண். பூங்கா 2,000 ஏக்கருக்கு மேல், எல்லாவற்றையும் நடந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பெரியவர்கள் இருந்தால் பாலத்தோடு திரும்பிவிடலாம். கட்டுசோறு கொண்டுவந்திருந்தால் அதைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மாளிகைக்குள் பிரிக்கக் கூடாது.

திரும்பும் நேரத்தை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். கோச் ஓட்டுநர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு, பரிசுக் கடையில் நிற்கும் நாலு பேருக்காக அவரால் அதை மீற முடியாது.