கிள்ளிய தக்காளித் துளிரை வீணாக்காதீர்கள்

தக்காளிச் செடியில் இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் கிளம்பும் பக்கத் துளிரைக் கிள்ளிக் குப்பையில் போடாதீர்கள், நட்டால் அதுவே புதுச் செடி. நாலைந்து அங்குலம் வளர்ந்த துளிராகப் பார்த்து ஒடித்து, அடி இலைகளை உருவிவிட்டு, ஈரமான மண்ணிலோ தென்னை நார்க்கழிவிலோ இரண்டு அங்குலம் ஊன்றி நிழலில் வையுங்கள். முதல் நாள் துவண்டு கிடக்கும், பயப்பட வேண்டாம்.

தக்காளித் தண்டு ஈரம் பட்ட இடத்தில் வேர் விடும். அடித்தண்டில் தெரியும் வெள்ளைப் புடைப்புகள் வேர் முளைகள்தான். வளர்ந்த செடியின் பாகம் என்பதால் விதை நாற்றைவிடச் சீக்கிரமே பூக்கும். புது இலை வரும்வரை உரமே வேண்டாம். பிறகு நன்றாக நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் போதும், பூ வந்ததும் அதையும் குறையுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் மண்டும்.

இலைச்சுருட்டு நோய் கண்ட செடியிலிருந்து மட்டும் துளிர் எடுக்கவே எடுக்காதீர்கள், வைரஸும் கூடவே வரும். குட்டையாகப் புதர்போல் வளரும் ரகங்களில் பக்கக் கிளைகளில்தான் காய்ப்பே, அவற்றைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள்.