ஓடுகிற லினக்ஸை நிறுத்தாமல் மெமரி கூட்டுவது எப்படி? (இசட் விஎம் புதியவர்களுக்கு)

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் போட்டான்: "அண்ணே, டேட்டாபேஸ் சர்வருக்கு மெமரி பத்தலை. ரீபூட் பண்ண விடமாட்டேங்காவ. என்ன செய்ய?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில் ஐபிஎம்மின் இசட் விஎம் ஓடுகிறது. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தரும் மென்பொருள் அது. அதன் மேல் நம்முடைய லினக்ஸ் ஒரு கெஸ்ட்டாக, அதாவது அப்படி ஒரு மெய்நிகர் கணினியாக, ஓடுகிறது. அந்தக் கெஸ்ட்டுக்கு இப்போது கையில் இருக்கும் மெமரி ஒன்று. ஸ்டாண்ட்பை மெமரி என்று இன்னொன்று, பிறகு திறந்துகொள்ளலாம் என்று குறித்து வைத்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்கு மடை வெட்டி, பலகை போட்டு அடைத்து வைத்திருக்கிறோம் இல்லையா, அதுதான் ஸ்டாண்ட்பை. பலகையைத் தூக்கும்வரை ஆற்றில் சொட்டுத் தண்ணீர் குறையாது. 2008-இல் வந்த இசட் விஎம் 5.4 முதல் இந்த வசதி இருக்கிறது.

முதலில் மடை இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ரூட்டாக நுழைந்து இதைத் தட்டுங்கள் (விஎம்சிபி என்பது லினக்ஸிலிருந்து இசட் விஎம்முக்குக் கட்டளை அனுப்பும் கருவி; ஸ்டோரேஜ் என்று இசட் விஎம் சொல்வது மெமரியைத்தான், டிஸ்க்கை அல்ல):

விஎம்சிபி குவெரி விர்ச்சுவல் ஸ்டோரேஜ்

ஒரே வரியில் பதில் வரும். ஸ்டோரேஜ், மேக்ஸ், இன்க், ஸ்டாண்ட்பை, ரிசர்வ்ட் என்று வரிசையாக எண்கள். தம்பியின் சர்வரில் ஸ்டாண்ட்பை = 0. அதாவது மடையே வெட்டவில்லை. அப்படியிருந்தால் ஒருமுறை நிறுத்தித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

மடை வெட்டும் கட்டளை இது:

டிஃபைன் ஸ்டோரேஜ் 4ஜி ஸ்டாண்ட்பை 4ஜி

தயவுசெய்து இதை ஓடுகிற லினக்ஸிலிருந்து விஎம்சிபி வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கொடுத்தேன். இந்தக் கட்டளை கெஸ்ட்டை ரீசெட் செய்து மெமரியைத் துடைத்துவிடும் என்று அப்போது தெரியாது. என்டரைத் தட்டினேன், திரை அப்படியே நின்றது. இரண்டு நிமிடத்தில் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து போன். அதன்பிறகு என்ன பேசினார்கள் என்பதை எழுத முடியாது.

அதனால் இதை யூசர் டைரக்டரியில், அதாவது ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் என்னென்ன உண்டு என்று இசட் விஎம் வைத்திருக்கும் பதிவேட்டில், போட வேண்டும். கெஸ்ட்டின் பதிவில் யூசர் வரியைப் பாருங்கள்: பெயர், கடவுச்சொல், அப்புறம் தொடக்க மெமரி, அதிகபட்ச மெமரி. 4ஜி, 8ஜி என்று வையுங்கள். அதிகபட்சம், தொடக்க மெமரி, ஸ்டாண்ட்பை இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் இருந்தால் தலைவலி இல்லை. அதற்குக் கீழே, டிவைஸ் வரிகளுக்கு முன்னால், இந்த வரியைச் சேருங்கள்:

கமாண்ட் டிஃபைன் ஸ்டோரேஜ் 4ஜி ஸ்டாண்ட்பை 4ஜி

லாக்ஆன் ஆனதும், லினக்ஸ் பூட் ஆகும் முன்பே இது ஓடிவிடும். டைரக்டரியை மாற்றிய பிறகு கெஸ்ட்டை லாக்ஆஃப் செய்து மறுபடி லாக்ஆன் செய்ய வேண்டும். வெறும் ரீபூட் போதாது. புதியவர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

சும்மா கிடைக்கிறதே என்று ஸ்டாண்ட்பையை அள்ளிப் போடாதீர்கள். மெமரியை 4கேபி துண்டுகளாக, அதாவது பக்கங்களாக, பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் லினக்ஸ் 64 பைட் கணக்கு வைக்கும். ஒரு ஜிபிக்கு 16 எம்பி. பல கர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதிதான் கர்னல்), திறக்காத ஸ்டாண்ட்பைக்கும் இந்தக் கணக்கு தொடக்க மெமரியிலிருந்தே போகும். 2 ஜிபி தொடக்கம் வைத்து 128 ஜிபி ஸ்டாண்ட்பை கேட்டால், அந்த 2 ஜிபியும் கணக்கு எழுதவே சரியாகிவிடும்.

இனி தேவைப்படும்போது பலகையைத் தூக்குவது சுலபம். எல்எஸ்மெம் என்று தட்டினால் எது ஆன்லைன், எது ஆஃப்லைன், ஒரு பிளாக் (ஒரே தடவையில் திறக்கும், மூடும் மெமரித் துண்டு) எவ்வளவு என்று காட்டும். பிளாக் 256 எம்பி என்றால் அதன் மடங்கில்தான் கேட்க வேண்டும். பிறகு:

சிஹெச்மெம் -இ 2ஜி

அவ்வளவுதான். ஃப்ரீ -எம் போட்டால் கூடியிருப்பது தெரியும். திருப்பிக் கொடுக்க -இ இடத்தில் -டி. ஆனால் நகர்த்த முடியாத பக்கங்கள் அந்த பிளாக்கில் உட்கார்ந்திருந்தால் லினக்ஸ் விடாது. கேட்டதில் பாதிதான் திரும்பும், சில நேரம் ஒன்றுமே திரும்பாது. எல்லா கெஸ்ட்டும் ஒரே நேரத்தில் தூக்கினால் இசட் விஎம் பேஜிங்கில், அதாவது மெமரிப் பக்கங்களை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதுவதில், திணறும். தாமிரபரணியில் மேலே ஏழு அணைக்கட்டிலும் மொத்தமாக எடுத்துவிட்டால் கடைசியில் ஸ்ரீவைகுண்டத்துக்கு என்ன வரும், அந்த நிலைமைதான்.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அனுமதி வாங்கி லாக்ஆஃப், லாக்ஆன் முடித்தான். புதன்கிழமை 2 ஜிபி திறந்தான். சாயங்காலம் மறுபடி போன்: "அண்ணே, கூட்டியாச்சு, அப்பவும் மெதுவாத்தான் இருக்கு." பார்த்தால் டேட்டாபேஸின் பஃபர் அளவு (அது தனக்கென எடுத்துக்கொள்ளும் மெமரி) பழைய கணக்கிலேயே இருந்தது. லினக்ஸுக்கு மெமரி வந்தால் அது தானாகக் கூடாது; டேட்டாபேஸ் பார்ப்பவர்களிடம் சொல்லி அதையும் கூட்டச் சொல்லுங்கள்.