பீலியில் ஐஸ் தொங்கினால் அட்டிக்கைப் பாருங்கள்

குளிர்காலத்தில் கூரைப் பீலியிலிருந்து, அதாவது கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் வாய்க்காலிலிருந்து, முழ நீளத்துக்கு ஐஸ் கூராகத் தொங்க ஆரம்பித்ததும் எல்லோரும் பீலியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இலை அடைத்த பீலி நிலைமையை மோசமாக்கும், உண்மைதான். ஆனால் பீலியையே கழற்றிவிட்டாலும் அந்த ஐசிகிள்கள் கூரை விளிம்பிலிருந்து தொங்கும். கோளாறு பெரும்பாலும் அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே.

வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று இடுக்குகள் வழியே அட்டிக்குக்கு ஏறி, கூரைப் பலகையை அடியிலிருந்து சூடாக்குகிறது. அதனால் வெளியே உறைநிலைக்குக் கீழே குளிர் இருந்தாலும் கூரைமேல் கிடக்கும் பனியின் அடிப்பகுதி உருகும், அதிலும் பனி கனமாக விழுந்திருந்தால் அதுவே போர்வை மாதிரி மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடாது. உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி, சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு வரும்போது அங்கே அடியில் வீடும் இல்லை, சூடும் இல்லை. உறைந்துவிடும். கொஞ்சம் ஐசிகிளாகத் தொங்கும், மீதி விளிம்பில் அணைபோல் ஏறும். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்தால் சீலிங்கில் கறை தெரியும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

வெயில் படும் பக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு சின்னதாகத் தொங்கினால் விட்டுவிடுங்கள், அது நல்ல வீட்டிலும் வரும். பனி பெய்து ஓய்ந்ததும், வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருக்க ஓரிடத்தில் மட்டும் பனி கரைந்து கூரை தெரிகிறதா? அந்த இடத்துக்குக் கீழேதான் சூடு கசிகிறது.

அப்புறம் அட்டிக்குக்குள் போய்த் தேடுங்கள். அட்டிக்குக்கு ஏறும் கதவு, சீலிங்கில் பதித்த விளக்குகள், குழாயும் வயரும் போகும் துளைகள், புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி, இவைதான் வழக்கமான இடங்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தால், சூட்டோடு ஈரமும் சேர்ந்து பலகையே பூஞ்சை பிடிக்கும்.

முதலில் இடுக்குகளை மூடி அடைத்துவிடுங்கள், அதற்குப் பிறகுதான் இன்சுலேஷன், அதாவது சூட்டைத் தடுக்கும் பஞ்சு. பலர் நேராகப் பஞ்சை வாங்கி மேலே விரித்துவிடுகிறார்கள், ஆனால் கண்ணாடி இழைப் பஞ்சு காற்றைத் தடுக்காது, காற்று அதன் ஊடே ஏறிவிடும். சின்னத் துளைக்கு ஸ்ப்ரே ஃபோம் போதும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் வேண்டாம், தகரமும் தீ தாங்கும் சீலன்ட்டும்தான். பழைய பதித்த விளக்குகளையும் பஞ்சால் மூடாதீர்கள், தீப்பிடிக்கலாம். பஞ்சைப் பரப்பும்போது விளிம்பில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைத்துவிடக் கூடாது, ஏனென்றால் கீழே விளிம்பில் நுழையும் குளிர்காற்று உச்சி வழியே வெளியேறினால்தான் கூரை முழுக்க ஒரே குளிரில் இருக்கும்.

சரி, இப்போதே தொங்குவதை என்ன செய்வது? சுத்தியலால் தட்டாதீர்கள், பீலியும் கூரைத் தகடும் சேர்ந்து உடையும். 10 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள பீலி முழுக்க ஐஸ் நிறைந்தால் மீட்டருக்கு சுமார் 9 கிலோ, அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். ஏணி ஏறாமல், நீளக் கைப்பிடி உள்ள பனிவாரியால் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்குப் பனியை இழுத்துவிட்டால் புதிதாக உருக அங்கே ஒன்றும் மிஞ்சாது. மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு நீட்டுங்கள். சாப்பாட்டு உப்பைக் கொட்டுவது வேண்டாம், தகரம் துருப்பிடிக்கும், கீழே செடியும் கருகும்.

ஹீட் கேபிளை, அதாவது கூரை விளிம்பில் போடும், கரண்டில் சூடாகும் வயரை, நான் கடைசியில்தான் சொல்வேன். அது தண்ணீர் ஓட வழி விடுமே தவிர கசிவை நிறுத்தாது, கரண்ட் பில்லும் ஏறும். எல்லாவற்றையும் அடைத்த பிறகும் ஏதோ ஒரு மூலையில் ஐஸ் விடாமல் கட்டினால், அங்கே மட்டும் போடுங்கள்.