கடனே என்று வந்தவர்கள் கவனிக்க

காரைக்குடியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "வேலை தலைக்குமேல் கிடக்கிறது, கடனே என்று வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். கந்தரப்பத் தட்டோடு வந்துகொண்டிருந்த ஆச்சிக்கு இவ்வளவு நன்றாகக் காது கேட்கும் என்று யார் கண்டது? "கடன்தானே தம்பி, வட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று என் இலையில் மூன்று அப்பத்தை வைத்துவிட்டு நகர்ந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவமானத்தாலா, அப்பத்தாலா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

மனமில்லாமல் செய்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தமிழில் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் அவற்றை இடமறிந்து சொல்கிறவர்களுக்குத்தான்.

முதலில் என்னை மாட்டிவிட்ட 'கடனே'வைப் பார்ப்போம். இதிலுள்ள கடன் பணக்கடன் அல்ல. பழைய தமிழில் கடன் என்றால் கடமை. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு தாயைப் பேச வைக்கிறார். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்பது அப்பர் வாக்கு. இருவரும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன சொல்லை நாம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யும் வேலைக்குப் பெயராக்கிவிட்டோம். அதிலும் செட்டிநாடு, பர்மா வரை போய்க் கொடுக்கல் வாங்கல் நடத்திய சீமை. இங்கே கடன் என்று வாயெடுத்தால் வட்டிக் கணக்கு தானாக எழுந்து நிற்கும். ஆச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதிலேயே இன்னொரு வழுக்கல் இருக்கிறது. 'கடனே என்று' வேறு, 'கடனுக்கு' வேறு. மைத்துனர் கடையில் கடனே என்று ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கினேன் என்றால் சேலை பிடிக்கவில்லை என்று பொருள். கடனுக்கு வாங்கினேன் என்றால் இன்னும் பணம் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே சேலையில் சாதித்தவர்களை நான் அறிவேன்.

'உப்புக்குச் சப்பாணி' என்று சொல்கிறவர்கள் ஏராளம். உப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஒப்புக்குச் சப்பாணி. விளையாட்டில் அழுகிற சின்னப் பிள்ளையைப் பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வார்களே, அந்தப் பிள்ளை. ஆட்டத்தில் இருக்கும், கணக்கில் வராது. ஆகவே இது ஆளைக் குறிக்கும் தொடர். 'ஒப்புக்குச் சப்பாணியாக வேலை செய்தேன்' என்பது ஒட்டாது. அங்கே 'ஒப்புக்குச் செய்தேன்' என்றாலே போதும். சப்பாணி என்பது நடக்க இயலாதவரைக் குறித்த சொல் என்பதையும் மறக்க வேண்டாம். சபையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது 'பாவத்துக்கு'. கதவைத் திறந்த பாவத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு நன்கொடை ரசீது எழுதிவிட்டார்கள் என்கிறோம். (எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். ரசீதுப் புத்தகத்தைக் கண்டதும் பின்வழியாக நழுவ வசதி.) இந்தத் தொடரின் சூட்சுமம், செய்த 'பாவம்' கடுகளவு இருக்க வேண்டும், தண்டனை மலையளவு இருக்க வேண்டும். கதவு திறந்தது, போனை எடுத்தது, 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டது போன்றவை பொருந்தும். 'தாலி கட்டிய பாவத்துக்கு' என்று மனைவியின் உறவினர் நடுவில் சொல்லிப் பார்த்தவர் ஒருவர் இப்போது அந்த வீட்டு முகப்புத் திண்ணையைத் தாண்டி உள்ளே போவதில்லை.

செஞ்சோற்றுக் கடனை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கெல்லாம் இழுக்காதீர்கள். துரியோதனன் போட்ட சோற்றுக்காகக் கர்ணன் உயிரையே கொடுத்த கதையோடு சேர்ந்த சொல் அது. ஒரு டம்ளர் காப்பிக்கு 'நன்றி' போதும்.

'வேண்டா வெறுப்பாகப் பிள்ளையைப் பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்தானாம்' என்ற பழமொழி அரைகுறை வேலையைக் கிண்டல் செய்ய அருமையானது. பெயர் சூட்டு விழாவைத் தவிர எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

கடைசியாகப் பேயும் புளியமரமும். பங்காளிகள் எல்லாரும் கூடி முன்னோர்களுக்குப் படையல் போடும் ஒரு படைப்பு நாள். அத்தை அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டி முன் இரண்டு மணி நேரம். நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும்" என்றார். வாசல்படியில் நின்ற மாமா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் ஒரு பங்கு கேட்டு, "பாவம் அத்தை, பேய்க்கு வாழ்க்கைப்பட்டு..." என்று ஆரம்பித்தேன். மாமாவின் சிரிப்பு நின்றது. அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "என் பேயை நான் சொல்லலாம். நீ யார் சொல்வதற்கு?"

அன்று என் தட்டுக்கு இரண்டாவது பணியாரம் வரவில்லை.