பாலியல் தவிர்ப்பு வகுப்பு பலன் தந்ததா? பாடசாலையில் அளந்து பார்க்கும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாடசாலைகளில் "படிக்கிற வயதில் பாலுறவு வேண்டாம்" என்று வகுப்பு எடுப்பவர்களே, கடைசி நாள் பிள்ளைகள் கைதட்டியதை வைத்து வெற்றி என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

முதலில் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஒப்பிடுவதற்கு வகுப்பு நடக்காத பாடசாலைகள். சீட்டுக் குலுக்கிப் பாதிக்கு இந்த வருடம், மீதிக்கு ஆய்வு முடிந்தபின் என்று வைத்தால் யாருக்கும் மனக்குறை வராது. ஏன் இவ்வளவு பாடு? பாலுறவு அனுபவம் உண்டு என்றவர்கள் வகுப்பு நடந்த இடத்தில் நூற்றுக்கு 4 இலிருந்து 9 ஆகவும், நடக்காத இடத்தில் 5 இலிருந்து 10 ஆகவும் கூடியதாக வைத்துக்கொள்வோம். முதலாவதை மட்டும் பார்த்தால் வகுப்பே கெடுத்துவிட்டது போலத் தெரியும், ஆனால் இரண்டிலும் கூடியது 5தான், வயது ஏறினால் கூடும், வகுப்பால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அமெரிக்காவில் மத்மற்றிக்கா என்ற ஆய்வு நிறுவனம் 2,000க்கும் அதிகமான பிள்ளைகளைக் குலுக்கலில் பிரித்து, 4 முதல் 6 வருடம் கழித்துப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் இரு பக்கமும் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் தவிர்த்திருந்தார்கள். 2010இல் வந்த இன்னொரு ஆய்வில், 6ஆம், 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு விதமாக நடத்திய பயிற்சி பலன் தந்தது. அதனால் உங்களுடையதை நீங்களே அளக்கத்தான் வேண்டும்.

வினாக்கொத்தை வகுப்புக்கு முன்பும் பின்பும் இரு பக்கமும் கொடுங்கள். பெயர் வேண்டாம், பிள்ளையே தெரிவுசெய்த இரகசிய இலக்கம் போதும். எழுதும் விடையும் வேண்டாம், சிறிய ஊரில் ரீச்சருக்குக் கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். புள்ளடி மட்டும் போட்டு, தாளைக் கடித உறையில் ஒட்டித் தரட்டும், வெளியாள் ஒருவர் சேகரிக்கட்டும். துன்புறுத்தல் நடந்ததாக யாராவது சொன்னால் ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929ஐ அழையுங்கள்.

கடைசியாக, எல்லாரும் தவறவிடுவது. இரண்டாம் முறை கேட்கும்போது வகுப்பில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கே பொய். இளவயதில் கலியாணம் கட்டி இடைவிலகிய பிள்ளைதான் இந்த வகுப்பு யாருக்காக நடந்ததோ அந்தப் பிள்ளை! முதல்நாள் இடாப்பை எடுத்து, இல்லாதவர்களைக் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் பக்குவமாக விசாரித்து, அவர்கள் சம்மதித்தால் வினாக்கொத்தைக் கொடுங்கள். கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.